பிறை பார்க்கும் வானம் யாருடையது?

ரமழான் தலைப்பிறை பார்க்க பள்ளிவாசல் மொட்டை மாடியில் நின்ற ஒரு மாலையில், வரிசையாக நகர்ந்து சென்ற ஒளிப்புள்ளிகளைக் காட்டி என் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், அது என்ன?" செய்மதிகள் என்றேன். "யாருடையவை?" என்றான். அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019 மே மாதம் ஒரே ரொக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் செய்மதிகளை ஏவியது. 2025இல் அவற்றின் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது. அப்போது பெரும்பாலானவை சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றின. 2025 ஜூலை முதல் இச்சேவை இலங்கையிலும் கிடைக்கிறது. கேபிள் எட்டாத கிராமத்துக்கு இது பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கிராமத்துக்கு இணையம் கொடுக்கும் அதே வலையமைப்புத்தான் போர்க்களத்துக்கும் இணையம் கொடுக்கிறது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த சில நாட்களில் உக்ரைனுக்கு ஸ்டார்லிங்க் சென்றது. விரைவில் அந்நாட்டு இராணுவமும் அதில் தங்கியிருக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில், இத்தகைய வணிகச் செய்மதிகள் பதிலடிக்குரிய நியாயமான இலக்குகளாகலாம் என ரஷ்யப் பிரதிநிதி ஐ.நா.வில் எச்சரித்தார். அரசாங்கங்களின் பாதுகாப்புத் தேவைகளுக்கென ஸ்டார்ஷீல்ட் என்ற தனிப் பிரிவையும் ஸ்பேஸ்எக்ஸ் வைத்திருக்கிறது. காஸாவில் தொடர்புகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, 2024 ஜூலையில் அங்குள்ள ஒரு வைத்தியசாலைக்கு இச்சேவை கிடைத்ததும் இஸ்ரேலின் இணக்கத்துடன்தான். வானத்தின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஒரு செய்மதியைச் சுட்டு வீழ்த்தினால் அது விமானம் போல் கீழே விழுவதில்லை. நொறுங்கி, மணித்தியாலத்துக்கு சுமார் 27,000 கிலோமீற்றர் வேகத்தில் துண்டுகளாகத் தொடர்ந்து சுற்றும். 2007இல் சீனா தனது பழைய காலநிலைச் செய்மதியொன்றை ஏவுகணையால் தகர்த்தபோது, கண்காணிக்கக்கூடிய 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. 2021 நவம்பரில் ரஷ்யா செய்த சோதனை 1,500க்கும் மேற்பட்ட துண்டுகளை உருவாக்கியது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்ய வீரர்கள் உட்பட, தம் விண்கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவும் இந்தியாவும்கூட இவ்வகைச் சோதனைகளைச் செய்த நாடுகளே.

ஒரு துண்டு இன்னொரு செய்மதியை மோத, அதன் துண்டுகள் மேலும் பலவற்றை மோதும் சங்கிலித்தொடர் உருவாகலாம் என நாசா விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே விளக்கினார். ஆயிரக்கணக்கான செய்மதிகள் நெருங்கிச் சுற்றும் இன்று அந்த ஆபத்து இன்னும் அதிகம். 550 கிலோமீற்றர் உயரத்துக் குப்பைகளை மெல்லிய வளி சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் வன்வெப் செய்மதிகள் சுற்றும் 1,200 கிலோமீற்றர் உயரத்தில் அவை பல நூற்றாண்டுகள் தங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைப்பதைத் தடுக்கிறது. தனியார் நிறுவனங்களின் செயலுக்கும் அவற்றின் நாடே பொறுப்பு என்கிறது. ஆனால் சாதாரண ஏவுகணையால் செய்மதியைத் தகர்ப்பதை அது வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை. அத்தகைய சோதனைகளைக் கைவிடுமாறு கோரும் ஐ.நா. தீர்மானத்துக்கு 2022 டிசம்பரில் 155 நாடுகள் ஆதரவளித்தன. எனினும் அது யாரையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாது.

சூறாவளி எச்சரிக்கை முதல் கடலில் மீனவர் திசையறிவது வரை நாமும் செய்மதிகளை நம்பியே வாழ்கிறோம். வல்லரசுகள் மேலே மோதிக்கொண்டால் அந்தத் துண்டுகள் நாடு பார்த்து மோதப்போவதில்லை. ஆகவே, கட்டுப்படுத்தும் ஒப்பந்தமொன்றைக் கோரும் உரிமை இலங்கை போன்ற சிறிய நாடுகளுக்கும் உண்டு. நம் அரசாங்கம் அக்குரலை உரத்து எழுப்ப வேண்டும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் தர்மமாகக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. வானத்தின் பாதையும் ஒரு பாதைதான். அதில் முள்ளைக் கொட்டுபவர்களைப் பார்த்து, "இது யாருடைய வானம்?" என்று கேட்க என் மாணவனைப் போல் நாமும் பழகிக்கொள்வோம்.