ஒரே உடலில் இரண்டு எதிரிகள்

நரம்பைத் தாக்கும் நோயும் ரத்தக் குழாயை அடைக்கும் நோயும் ஒருவருக்கே வரலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து.

மூட்டு வலி, கன்னங்களில் சிவந்த தடிப்பு. லூபஸ் என்று தெரிந்து மாத்திரை சாப்பிட்டு வரும் இளம் பெண்ணுக்கு ஒரு நாள் கால்கள் மரத்துப்போகின்றன. சிறுநீர் பிரிய மறுக்கிறது. லூபஸ்தான் தண்டுவடத்தைத் தொட்டுவிட்டதா? இருக்கலாம். இன்னொரு நோயும் உள்ளே நுழைந்திருக்கலாம்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். சில சமயம் இவை ஜோடியாக வருகின்றன. லூபஸோடு சேர்ந்து வரக்கூடியவற்றில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, நியூரோமைலிடிஸ் ஆப்டிகா. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் இந்த நோயை பிரான்சின் லியோன் நகர டாக்டர் யூஜின் டெவிக் 1894-ல் விவரித்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே பலர் நினைத்திருந்தார்கள். இந்த நோய்க்கே உரிய ஆன்டிபாடியை அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2004-ல் அறிவித்த பிறகே நிலைமை மாறியது. வித்தியாசம் வெறும் பெயரில் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, இந்த நோயை மோசமாக்கிவிடக்கூடும்.

மற்றொன்று, லண்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. விளைவு: இளம் வயதில் பக்கவாதம், அடுத்தடுத்து கருச்சிதைவு. ஸ்டீராய்டு மட்டும் இங்கே கைகொடுக்காது. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். கர்ப்பிணிகளுக்கோ வார்ஃபரினுக்குப் பதில் ஹெப்பாரினும் குறைந்த அளவு ஆஸ்பிரினும்.

இரண்டையும் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். நரம்பு நோய்க்கு அக்வாபோரின்-4 ஆன்டிபாடி சோதனை. உறைதல் நோய்க்கான சோதனையை 12 வாரம் கழித்து மீண்டும் செய்தால்தான் முடிவு உறுதியாகும். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழு நடத்திய கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு 2.6 பேர் என்ற அளவில் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா தென்பட்டது. அபூர்வம்தான். ஆனால் தாமதமானால் பார்வையும் நடையும் திரும்பாமல் போகலாம்.

மூட்டு டாக்டரிடம் கருச்சிதைவைப் பற்றியும், நரம்பு டாக்டரிடம் பழைய மூட்டு வலியைப் பற்றியும் பலர் சொல்வதில்லை. சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அடுத்த முறை பழைய ஃபைல் முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள்.