புகை கூறும் அளவு

பெட்ரோல் எஞ்சின் எண்ணெயால் மட்டும் ஓடுவதன்று; காற்றொடு கலந்த எண்ணெயால் ஓடுவது. ஒரு பங்கு பெட்ரோல் எரிந்து தீர, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எண்ணெய் மிகின் கரும்புகை எழும், பொருளும் வீணாகும். காற்று மிகின் எஞ்சின் வலியிழந்து திணறும்.

இவ்வளவைக் காப்பது கார்புரேட்டர். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டிகளுள் பழையன பலவற்றில் எஸ்.யு. என்னும் கார்புரேட்டரைக் காணலாம். அதன் அடியிலுள்ள நட்டைக் கீழிறக்கினால் எண்ணெய் மிகும், மேலேற்றினால் குறையும். எத்துணை திருகுவது? கைதேர்ந்த மெக்கானிக்குகள் எஞ்சினின் ஓசையைக் கேட்டும், ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கண்டும் முடிவு செய்தனர். அது போற்றத்தக்க திறமையே. ஆயினும், திருச்சிராப்பள்ளியிலிருந்து காட்டூரைக் கடந்து தஞ்சைக்கு விரையும் வண்டியில் அவ்வக்கணத்துக் கலவை எவ்வாறிருந்தது என்பது, வண்டி நின்றபின் பிளக்கைக் கழற்றிக் காண்பவர்க்குப் புலனாகாது.

அதனைப் புலப்படுத்துவது பிராணவாயு உணரி. பாஷ் நிறுவனத்தார் செய்த இக்கருவியை 1976-இல் வால்வோ நிறுவனம் தன் வண்டிகளிற் பொருத்தியது. இருபுறமும் பிளாட்டினம் பூசிய சிர்க்கோனியாப் பீங்கானே இதன் உயிர்நாடி. ஒருபுறம் எஞ்சின் புகையும், மறுபுறம் வெளிக்காற்றும் படும். வெப்பம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசைக் கடந்தபின், இருபுறத்துப் பிராணவாயுவின் வேற்றுமைக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். அது 0.9 வோல்ட்டை அணுகினால் எண்ணெய் மிகை, 0.1 அளவிற்கு இறங்கினால் காற்று மிகை. பழைய வண்டியின் புகைக்குழாயில் துளையிட்டு, மரையுள்ள வளையத்தைப் பற்றவைத்து உணரியைத் திருகிவிட்டால், ஓட்டுநர் தம் முன்னுள்ள வோல்ட்மானியில் இதனைக் காணலாம். மிகையின் அளவையும் அறிய விரும்புவோர்க்கு வைடுபேண்டு என்னும் பிற்கால வகை உண்டு.

இதன் சான்றையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். ஒரு பிளக்கில் தீப்பொறி தவறுமாயின், எரியாத எண்ணெயொடு பயன்படாத பிராணவாயுவும் வெளியேறும். உணரியோ அவ்வாயுவைக் கண்டு, 'காற்று மிகை' என்று கூறிவிடும். அதனை நம்பி எண்ணெயைக் கூட்டுபவன் நோயை வளர்ப்பவனாவான். குழாயில் வெடிப்பிருந்து வெளிக்காற்று புகினும் இவ்வாறே பொய்ச்சான்று பிறக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் உணரியையே கெடுத்துவிடும். 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் அது விலக்கப்பட்டமையால் அவ்விடர் நீங்கிற்று.

இப்பொழுது வேறோர் இடர் தோன்றியுள்ளது. நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனாலின் மூலக்கூற்றிலேயே பிராணவாயு இருத்தலின், அவ்வெண்ணெய்க்கு ஏறக்குறைய 13.5 பங்கு காற்றே போதும். பழைய அளவிற்குத் திருகப்பட்ட கார்புரேட்டரோ முன்போலவே காற்றைக் கலக்கும். 14.7 என்பதை மனப்பாடம் செய்தவர் ஈண்டு தடுமாறுவர். எஞ்சிய பிராணவாயுவையே நோக்கும் உணரி தடுமாறாது. நட்டைச் சிறிது கீழிறக்கி, எஞ்சின் நன்கு சூடேறியபின் வண்டியை மீண்டும் ஓட்டி, மானியின் முள் எங்கு நிற்கிறது என்று பார்த்தல் வேண்டும்.