கப்பல் வாசல் வரை போய்ச் சேர்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு ‘கட் ஆஃப்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கண்டெய்னர் குறித்த நேரத்துக்குள் துறைமுக வாசலைத் தாண்டாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். டிரெய்லர் மணலியில் மாட்டிக்கொண்டதா, எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொகுசுக் கப்பலில் பயணிக்கும் மனிதர்களுக்கும் இதே கணக்குதான். மாலை 5 மணிக்குக் கப்பல் என்று டிக்கெட்டில் இருந்தால், பயணிகளைப் பதிவு செய்யும் கவுன்டரைப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மூடிவிடுகின்றன.

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு டெர்மினல் வாசலில்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து அந்த வாசல் வரைக்கும், நடுவில் வரும் ஊர்களில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்ப ஏறும் வரைக்கும் ஏற்பாடு நம்முடையது. கேபினில் ஜன்னல் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று பலமுறை விசாரிக்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கின்றன. பணமும் நிம்மதியும் போவது பெரும்பாலும் இங்கேதான்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் கப்பல் ஏறும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று சென்னைத் துறைமுகம். 2022 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போன பாதை அது. ஆனால் இந்தச் சேவை ஆண்டு முழுவதும் கிடையாது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. இன்னொன்று சிங்கப்பூர். ஒரு காலத்தில் ‘ரஜுலா’வும் அதற்குப் பின் ‘சிதம்பர’மும் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப் போயின. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது சிங்கப்பூர்க் கப்பலைப் பிடிக்க விமானத்தில்தான் போக வேண்டும்.

இரண்டில் எதுவானாலும் முதல் சிக்கல் நம் ஊர் ரயில்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் சுமார் 48 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சில வண்டிகள் கடற்கரை நிலையம் வரை போகின்றன. கடற்கரை நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை, எதிரே துறைமுகம். பெட்டி குறைவாக இருந்தால் சென்னைத் துறைமுகத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சாலையில் போனால் நம் சிப்காட் டிரெய்லர்களோடுதான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். துறைமுகத்துக்குள் வாடகை வண்டி நினைத்தபடி நுழைய முடியாது. எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று டிக்கெட்டோடு வரும் அறிவிப்பைப் படித்து, டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விமான நிலையம் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டியோ திருவள்ளூரோ, சென்ட்ரலில் இறங்கி அங்கேயே மெட்ரோ பிடித்தால் நேராக விமான நிலையம். ஆனால் மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரைதான். சிங்கப்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவையொட்டிப் புறப்படுவதால், போகும்போது மெட்ரோ கைகொடுக்கும், திரும்பும்போது இரவு 11 மணியைத் தாண்டி இறங்கினால் கைவிட்டுவிடும்.

ரயிலை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அதே நாளில் நம்பக் கூடாது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள் இரவில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. வடக்குத் தடத்தில் போக்குவரத்து அப்படியே நின்றுபோனது. 2025 ஜூலை 13, ஞாயிறு அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தீப்பிடித்தது. மேற்குத் தடமும் முடங்கியது. ஒன்பது மாத இடைவெளியில் மாவட்டத்தின் இரண்டு ரயில் பாதைகளும் இப்படி நின்றிருக்கின்றன. பராமரிப்புப் பணிக்காக மின்சார ரயில்களை ரத்து செய்வது தனிக்கதை. அது இந்தத் தடங்களில் புதிதல்ல. அதனால் சென்னையில் கப்பல் ஏறுகிறவர்கள் முந்தின இரவே நகரத்துக்குள் வந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் கப்பலுக்கு முந்தின நாளே அங்கே இறங்கிவிட வேண்டும். ஓட்டல் அறைக்கு ஆகும் ஓர் இரவுச் செலவு, தவறவிட்ட கப்பல் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அந்த ஒரு நாளை வீணாக்கவும் வேண்டாம். சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் தானா மேரா வந்து, கிழக்கு மேற்குத் தடத்தில் மாறி, ராஃபிள்ஸ் பிளேஸில் வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறினால் அதன் தெற்குக் கோடி மரினா சௌத் பியர். மரினா பே கப்பல் முனையத்துக்கு அருகிலுள்ள நிலையம் அது. ஆனால் எல்லாக் கப்பலும் அங்கிருந்து புறப்படுவதில்லை. ஹார்பர்ஃபிரண்டில் வேறொரு முனையம் இருக்கிறது. டிக்கெட்டில் எது என்று பார்த்த பிறகே ஓட்டல் பதிவு செய்யுங்கள். என் யோசனை லிட்டில் இந்தியாவில் தங்குவது. காலையில் இட்லி கிடைக்கும், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் நடந்துபோகும் தூரம், பெரியவர்களுக்கு மொழிச் சிரமம் இருக்காது. மாலையில் கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். மறுநாள் காலை அறையைக் காலி செய்ததும் பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டு, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். செந்தோசா தீவை இந்த நாளில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல் வழியில் நிற்கும் ஊர்களில் எங்கே தனியாகச் சுற்றலாம், எங்கே கூடாது என்பதைத் துறைமுகத்துக்கும் பார்க்கும் இடத்துக்கும் உள்ள தூரமே சொல்லிவிடும். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனையே ஒட்டியிருக்கிறது. யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா எல்லாமே நடந்தே பார்க்கக்கூடியவை. இங்கே டூர் வாங்குவது வீண் செலவு. போர்ட் கிளாங் அப்படியல்ல. பத்துமலை முருகனைப் பார்க்காமல் வர நம் குடும்பங்களுக்கு மனம் வராது. ஆனால் துறைமுகத்திலிருந்து அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கோலாலம்பூர் நெரிசல் வேறு. மேலே போக 272 படிகள். அங்கே மட்டும் கப்பல் நிறுவனத்தின் டூரிலேயே போங்கள். அவர்கள் அழைத்துப் போகும் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாம் தனியாகப் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். புக்கெட்டில் இறங்கியதும் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். அந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் கப்பலையே விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. ‘எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம்’ என்று கப்பலில் சொல்வதைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கவே முடியாமலும் போகலாம். 2022இல் புதுச்சேரி அரசின் அனுமதி கிடைக்காததால் அங்கே போன எம்பிரஸ் கப்பல் பயணிகளை இறக்காமலே திரும்பியது. ஆகவே நடுவழி ஊர்களுக்கான கார், நுழைவுச் சீட்டு எதையும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே பதிவு செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதக் காலம் மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி அங்கேயே வந்து இறங்குவதால் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும்.

வெளியூர் உறவினர்கள் சென்னையில் கப்பல் ஏற வந்து உங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினால், பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்திய தலைமையிடம் அது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ஏரியில் படகுச் சவாரி மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

திரும்பும் நாளில், முந்தின இரவே பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கப்பலை விட்டு இறங்கக் காலை முழுதும் ஆகலாம் என்பதால் விமானத்தை மதியத்துக்கு மேல் பதிவு செய்யுங்கள். சென்னையில் இறங்க நள்ளிரவாகும் என்றால் கும்மிடிப்பூண்டிக்கு வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். மறுநாள் முதல் ஷிப்ட் என்றால் அதற்கும் சேர்த்தே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.