நெறி கட்டினால் கவனியுங்கள்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொண்டைப் புண் என்றால் தாடைக்குக் கீழே கட்டும். புண் ஓரிடம், வீக்கம் வேறிடமா என்று சிலர் பயந்துபோகிறார்கள். சிலர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

வீங்குவது எது?

வீங்குவது நிணநீர்க் கணு. நம் உடலில் இவை சுமார் 600 இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்புறம் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. திசுக்களின் இடையில் சேரும் நீர், மெல்லிய குழாய்கள் வழியே இவற்றுக்குள் வந்து வடிகட்டப்பட்ட பிறகே இரத்தத்தில் கலக்கிறது. அந்த நீரோடு கிருமி வந்தால், அதை அடையாளம் காணும் டி, பி வெள்ளையணுக்கள் கணுவுக்குள் வேகமாகப் பெருகும். நெறி கட்டுவது அதனால்தான். புண் ஆறினால் பெரும்பாலும் வீக்கமும் வடிந்துவிடும்.

தைமஸ்

இந்த டி, பி அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். டி அணுக்கள் மட்டும் நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்கின்றன. நம் உடலையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. வெகுகாலம் தைமஸைப் பயனற்ற உறுப்பு என்றே மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். 1961இல் ஜாக் மில்லர், புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுநோய்களைத் தாங்காமல் மடிந்தன.

மண்ணீரலை எடுத்தவர்களுக்கு

கணுக்கள் நிணநீரை வடிகட்ட, இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டுகிறது. விபத்தில் அது கிழிந்தாலோ, தலசீமியா போன்ற நோய்களிலோ சிலருக்கு அதை அகற்ற நேர்கிறது. அது இல்லாமலும் வாழலாம். ஆனால் நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் நுழைந்தால், சில மணி நேரத்திலேயே நிலைமை உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். இதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். மண்ணீரல் இல்லாதவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

வடியாத கட்டி

காரணம் தெரியாத கட்டி 2 வாரத்துக்கு மேல் வடியாமல் இருந்தாலும், வலியின்றிக் கெட்டியாக வளர்ந்தாலும், காறை எலும்புக்கு மேலே தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் உடை நனைய வியர்ப்பதும் எடை குறைவதும் சேர்ந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அது நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல் எதுவும் இல்லாமலே கணுவில் மட்டும் அது வரலாம். ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊசி குத்தினால் கட்டி பரவும் என்ற பயத்தில் பலர் இந்தச் சோதனையைத் தவிர்த்து மாதக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கணுக் காசநோய்க்கு வழக்கமாக 6 மாத மருந்து போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.