அநுராதபுரக் கற்சிலுவை



பாண்டிருப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும்போது கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றைக் காண்கிறீர்கள். "கிறிஸ்தவம் இலங்கைக்கு எப்போது வந்தது?" என வினவினால், "1505 இல் போர்த்துக்கேயருடன்" என்றே பலர் விடையளிப்பர். இவ்விடை முழுமையானதன்று. அதற்குச் சான்று ஒரு கல்.

கண்டெடுப்பு

1912 இல் அநுராதபுர உள்நகரில் நடைபெற்ற அகழ்வின்போது கருங்கற்றூண் துண்டொன்று கிடைத்தது. அதன் வழுவழுப்பான முகத்தில் சிலுவை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. படிகளுடைய பீடம், அடியில் இருபுறமும் எழும் இலைகள் என்பன இதன் சிறப்பம்சங்கள். இயேசுவின் உருவம் இதில் இல்லை. இன்று இது அநுராதபுரத் தொல்பொருள் நூதனசாலையில் உள்ளது.

அயர்லாந்து போன்ற நாடுகளில் பல மத்திய காலக் கற்சிலுவைகள் தேவாலய வளவுகளிலும் வழியோரங்களிலும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இங்கோ தேவாலயம் அழிந்துவிட்டது. கல் மட்டுமே எஞ்சியது.

காலத்தை எவ்வாறு அறிவது?

கல்லில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. முதலில் இது போர்த்துக்கேயருடையது எனக் கருதப்பட்டது. பின்னர் கொட்றிங்டன் முதலானோர் பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்றனர். இக்கருத்துக்கு வலுச் சேர்ப்பவை:

1. இலக்கிய மூலாதாரம்: 6 ஆம் நூற்றாண்டில் நூல் எழுதிய கொஸ்மஸ், இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம் இருந்ததாகவும், பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட குரு பணியாற்றியதாகவும் கூறுகிறார்.

2. ஒப்பீடு: சென்னை பரங்கிமலையில் 1547 இல் கண்டெடுக்கப்பட்ட சிலுவையிலும் படிகளும் இலைகளும் உள்ளன. அதனைச் சுற்றிப் பழைய பாரசீக மொழியான பகலவியில் எழுத்துகள் உள்ளன. கேரளத்தின் கோட்டயத்திலும் இத்தகைய சிலுவைகள் உண்டு.

3. இடம்: போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அநுராதபுரம் தலைநகர் என்னும் நிலையை இழந்துவிட்டது. இது துணைச் சான்றே. தனியாக எதனையும் நிரூபிக்காது.

கவனிக்க

இலங்கை மக்கள் அக்காலத்தில் கிறிஸ்தவராயினர் என எழுதிவிடாதீர்கள். நாட்டவரும் அவர்தம் அரசரும் வேறு சமயத்தவர் என்றே கொஸ்மஸ் குறிப்பிடுகிறார். கடல் வாணிபத்தோடு வந்த ஒரு சமூகம் தன் வழிபாட்டை இங்கு நடத்தியது, அதற்கு இந்நாட்டில் இடமிருந்தது என்பதே நாம் பெறும் முடிவு. சான்று சொல்லும் அளவுக்கு மேல் எழுதினால் புள்ளி குறையும், வரலாறும் பிழைக்கும்.

பயிற்சி வினா

போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னரும் இலங்கையில் கிறிஸ்தவர் வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் இலக்கிய மூலாதாரம் ஒன்றையும் தொல்பொருள் மூலாதாரம் ஒன்றையும் குறிப்பிட்டு விளக்குக.