எம்.எஸ்ஸி. பயாலஜி: ரிசல்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

"முதலில் டிகிரியை முடிக்கட்டும், எம்.எஸ்ஸி. பற்றி அப்புறம் பார்த்துக்கலாம்." தாவரவியலோ விலங்கியலோ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் சேர்வதென்றால் இது சரிதான். அங்கே இளநிலை மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். விண்ணப்பமும் ரிசல்ட் நேரத்தில்தான் வரும். ஆனால், ஐ.ஐ.டி-யிலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ படிக்க ஆசையிருந்தால், ரிசல்ட் வருவதற்குள் அந்த ஆண்டுக்கான விண்ணப்பக் கதவு மூடியிருக்கும்.

மூன்று தேர்வுகள்

ஐ.ஐ.டி-களில் சேர 'ஜாம்' தேர்வில் பயோடெக்னாலஜி தாளை எழுத வேண்டும். வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். இறுதியாண்டில் படித்துக்கொண்டே எழுதலாம்.

திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 'க்யூட் பி.ஜி.' தேர்வு. மூன்றாவது, 'காட்-பி'. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவளிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கானது இது. இந்தப் படிப்புகளில் சேருவோருக்கு மாதாந்தர உதவித்தொகையும் உண்டு.

கணக்கு தரும் அதிர்ச்சி

'பயாலஜிக்கு எதற்குக் கணக்கு?' என்று ப்ளஸ் டூ-வில் தூய அறிவியல் பிரிவை எடுத்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஜாம் பயோடெக்னாலஜி பாடத்திட்டத்திலும், காட்-பி தேர்வின் முதல் பகுதியிலும் ப்ளஸ் டூ அளவிலான இயற்பியல், வேதியியலோடு கணக்கும் உண்டு. இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே பழைய பள்ளிப் புத்தகங்களைக் கையில் எடுத்தால் இதைச் சமாளித்துவிடலாம்.

தகுதி விதிகளையும் வரிவிடாமல் படிக்க வேண்டும். இளநிலையில் 50 சதவிகிதம் போதும் என்று சொல்லும் நிறுவனமும் உண்டு, 55 கேட்கும் நிறுவனமும் உண்டு. எந்தெந்தப் பட்டங்களை ஏற்பார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

சேர்ந்த பிறகு?

எம்.எஸ்ஸி. என்பது இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். கட்டாயப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், ஆய்வகப் பயிற்சி ஆகியவற்றுக்கான கிரெடிட்டுகளைச் சேர்த்தால்தான் பட்டம். பெரும்பாலான இடங்களில் கடைசி செமஸ்டரில் ஆய்வுத் திட்டம் இருக்கும். அதைக் கடமைக்குச் செய்யாமல் ஈடுபாட்டோடு செய்வது, பிஹெச்.டி. நேர்காணலில் கைகொடுக்கும்.

'பாஸானால் போதும்' என்ற எண்ணமும் வேண்டாம். விரிவுரையாளர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் வழிவிடும் 'நெட்' தேர்வுக்கு, பொதுப் பிரிவினர் எம்.எஸ்ஸி-யில் 55 சதவிகிதம் பெற்றிருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

ஆக, மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே வீட்டு காலண்டரில் விண்ணப்பத் தேதிகளைக் குறித்துவைப்பது நல்லது. மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழப்பவர்களைவிட, தேதி தெரியாமல் இழப்பவர்களின் வருத்தம்தான் பெரிது!