முயல் ஊக்கும் பூனைப் பின்னும்

காலை ஒன்பதரைக்குப் பெங்களூரு தொம்மலூர் டெக் பார்க் வாசலில் நின்றால், ஐடி கார்டு நாடாக்களில் ஒரு மிருகக்காட்சிசாலையே கடந்துபோகும். பூனை, பாண்டா, டைனோசர். எனாமல் பின் என்பார்கள். எனாமல் பெயரில்தான், பெரும்பாலானவற்றில் இருப்பது பெயின்டோ ரெசினோதான். பலவற்றை விரலால் தடவினால் உலோக வரப்பும் பள்ளத்தில் கிடக்கும் வண்ணமும் தட்டுப்படும்.

அந்த வரப்பும் பள்ளமும் பழைய சங்கதி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமர் ஆண்ட பிரிட்டனிலும் ரைன் கரையிலும், தோளில் துணியைப் பிடித்து நிறுத்தும் வெண்கல ஊக்குகளை முயல், வாத்து, சேவல் வடிவில் வார்த்தார்கள். உடம்பில் குழி விட்டு, கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுட்டார்கள். பொடி உருகி உலோகத்தைப் பற்றிக்கொண்டது. ஒருவகை முயலின் வயிற்றில் இரண்டு குட்டிகள்கூட இருக்கும். மண்ணுக்குள் கிடந்ததில் சிவப்பு பல இடங்களில் பச்சையாகிவிட்டது, நீலம் தாக்குப்பிடிக்கிறது. குதிரைவீரன் ஊக்குகள் கோயில் இருந்த இடங்களில் நிறையக் கிடைக்கின்றன. அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்துவிடுவதுபோல் இதையும் நேர்ந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

ரோமர் காசு இந்தப் பக்கமும் வந்தது. தொம்மலூரை ஒட்டிய எச்.ஏ.எல். பகுதியிலும் யஷ்வந்த்பூரிலும் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் காலத்து நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் ஊக்கு நமக்கு எதற்கு? தைக்காத துணியைச் சுற்றிச் செருகிக்கொள்கிற ஊர் இது. விலங்கு உருவில் வண்ணம் பதிக்கிற வேலை மட்டும் நமக்கும் கைவந்ததுதான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த வெண்கலப் புலியின் உடம்பில் சூதுபவளம் பதித்திருந்தார்கள். மணிக்கல் வெட்டும் பட்டறைகள் அதே ஊரில் இருந்தன. வண்ணம் பதிக்கக் கண்ணாடியை உருக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

கண்ணாடியைச் சுடுகிற எனாமல் இன்று இந்தியாவில் ஜெய்ப்பூர் மீனாகாரி நகைகளில்தான் பேர்போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் அதற்கேற்ற சூடு; அதிக வெப்பம் தாங்குகிற நிறம் முதலில் உலைக்குப் போகும். அந்தப் பொறுமைக்குரிய விலையை லேப்டாப் பையில் குத்துகிற பூனைக்கு யார் கொடுப்பார்கள்? ரெசின் போதும் என்பது நியாயமான கணக்குதான். எனக்குக் குறை பின்பக்கத்தில். ரோமரின் முயலுக்கு, நம் சேஃப்டி பின் போல, ஊசி போய் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி இருந்தது. பூனைக்கு ஒரு ரப்பர் மூடிதான். பஸ் நெரிசலில் அது கழன்றால் பூனையும் போய்விடும். கழலாத பூட்டைத் தனியாக விற்கிறார்கள். பின் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.